கார் ஓடியது, ஆனால் நகரவில்லை

அந்த ஆயுத பூஜைக் காலையில் எங்கள் மியூசியத்து அரக்கு நிறக் காரின் நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் ஆளுக்கொன்றாக எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. நல்ல பெரிய பழங்கள். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் செல்வி அக்கா சந்தாபுரா சந்தையில் பொறுக்கி எடுத்து வந்தவை.

சாம்பிராணிப் புகை, புதிதாக வெட்டிய வாழைக்கன்றின் ஈர வாசனை, அதற்கடியில் லேசாகப் பெட்ரோல். மியூசியம் நடத்துகிறவளுக்கு இந்த மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே சேர்ந்து வந்தால் நெருப்பு ஞாபகம்தான் வரும். தீயணைக்கும் சிலிண்டரை என் காலுக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருந்தேன். அதற்கும் செல்வி அக்கா பொட்டு வைத்திருந்தார்.

காருக்கு முன்பக்கமாக ஒதுங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜலட்சுமி மேடம் உட்கார்ந்திருந்தார். அந்தக் காரின் சொந்தக்காரர். பொதுப்பணித் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கைப்பை மடியில், பார்வை டயரில். புதிதாகக் கட்டிய பாலத்தில் எங்கே விரிசல் என்று தேடும் பார்வை அது.

காருக்குப் பின்னால் அவருடைய தம்பி பிரசாத் சார், வெள்ளைப் பட்டு ஜிப்பாவில், ஃபோனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வந்ததே அதற்காகத்தான்.

ஓட்டுநர் சீட்டில் எங்கள் மெக்கானிக் நஸீர் பாய். வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு செல்ஃபை அழுத்தினார்.

எஞ்சின் முதல் தடவையே பிடித்துக்கொண்டது. ஒரு இருமல், ஒரு உறுமல், அப்புறம் பெரிய தையல் மிஷின் ஓடுவது போன்ற சீரான சத்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். என் ஃபோன் அதிர்ந்தது. முதலாளி. எடுக்கவில்லை.

இந்த இடத்தில் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வைக்கிறேன். நாலு எலுமிச்சம்பழத்துக்காக நாங்கள் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஓடாத வண்டிக்கு ஒரு எஞ்சினியர்

மியூசியம் இருப்பது ஹெப்பகோடிக்கும் சந்தாபுராவுக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் ஒரு பழைய தொழிற்சாலைக் கொட்டகையில். முதலாளி லோகநாதன் சார் கியர் உதிரிபாகம் செய்து சம்பாதித்தவர். சம்பாதித்ததைப் பழைய கார்களில் போட்டவர். வீட்டு வாசலில் கோலம் போட இடமில்லாமல் போன ஒரு நாளில் அவர் மனைவி கொடுத்த கெடுவில் பிறந்ததுதான் எங்கள் மியூசியம்.

நான் வேலூர்ப் பக்கம். மெக்கானிக்கல் படித்துவிட்டு வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் கார் சீட்டுகள் எவ்வளவு அதிர்கின்றன என்று அளந்துகொண்டிருந்தேன். அளந்த நேரத்தைவிட, ஆபீஸ் போகும் வழியில் கேப் சீட்டில் உட்கார்ந்து நானே அதிர்ந்த நேரம்தான் அதிகம். மியூசியத்தைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் வந்து சேர்ந்துவிட்டேன்.

அம்மா இன்றைக்கும் உறவினர்களிடம், "ஆட்டோமொபைல் லைன்ல இருக்கா" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஓடாத வண்டிக்கு எதுக்கும்மா எஞ்சினியர்?"

நல்ல கேள்வி. பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொடரை இப்போதுதான் படிக்க ஆரம்பிப்பவர்களுக்காக ஒன்று. எங்கள் கார்களை நாங்கள் கம்பெனிப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு லேடி டாக்டர் வைத்திருந்த கார் 'டாக்டரம்மா'. சிக்மகளூர் எஸ்டேட்டிலிருந்து வந்தது 'காபித் தோட்டம்'. கதவு சாத்தும்போது விரலைக் கடிக்கிற கறுப்புக் கார் 'எமதர்மன்'. ராஜலட்சுமி மேடத்தின் கார், பட்டுப்புடவைக்கடையில் சொல்கிற அந்த நிறத்தால், 'அரக்கு'.

என்ன மைலேஜ் குடுக்கும்?

எங்கள் மியூசியத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு காலத்தில் எழுதி வைத்தேன். பிறகு விட்டுவிட்டேன், ஐந்துக்கு மேல் வளரவில்லை.

1. என்ன மைலேஜ் குடுக்கும்?
2. ஏசி உண்டா?
3. இப்ப வித்தா எவ்வளவு போகும்?
4. உள்ள உக்காந்து ஒரே ஒரு ஃபோட்டோ?
5. டாய்லெட் எங்க இருக்கு?

முதல் கேள்விக்கு நஸீர் பாய் ஒரு பதில் வைத்திருக்கிறார். "நிக்கிற வண்டி சார். ஒரு சொட்டு குடிக்காது. இதவிட மைலேஜ் வேற எந்த வண்டி குடுக்கும், சொல்லுங்க?" பாய் சிவாஜிநகரில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்து, தக்னி உருதுவில் திரும்பி, கன்னடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்.

நான்காவது கேள்வியால்தான் எங்களுக்குக் கல்யாண ஜோடிகளோடு பழக்கம் ஏற்பட்டது. ஒரு மாப்பிள்ளை 'காபித் தோட்டம்' பானெட் மேல் சாய்ந்து ஸ்டைலாக நின்றார். பாய் அன்று காலையில்தான் அதற்குக் கிரீஸ் தடவியிருந்தார். ஃபோட்டோக்காரர் எல்லாப் படத்தையும் முன்பக்கமாகவே எடுத்துக் கொடுத்தார்.

சிலர் ஆறாவதாக ஒன்று கேட்பார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "ஆன்ட்டி, இது ஓடுமா?"

பெரும்பாலான கார்களுக்கு உண்மையான பதில், ஓடாது. அதைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு விளக்கு அணையும். அரக்கு முன்னால் நின்று, "ஓடும்" என்று சொல்லும்போது அவர்கள் காரைச் சுற்றிக் கட்டிய கயிற்றிலிருந்து ஒரு அடி பின்னால் நகர்வார்கள். கட்டிப் போட்ட பெரிய நாயைப் பார்ப்பதுபோல அப்படி ஒரு மரியாதை. பள்ளிக்கூடங்கள் எங்களிடம் வருவதே அந்த ஒரு காரை ஸ்டார்ட் செய்து காட்டுவோம் என்பதற்காகத்தான்.

லோகநாதன் சாருக்கும் அது தெரியும். "அரக்கு போச்சுன்னா இது மியூசியம் இல்லம்மா, கார் வச்சிருக்கிற குடோன்" என்று ஒருமுறை சொன்னார். "குடோன்னா என் பையன் அவன் சரக்க வைக்கக் கேக்கிறான். நான் என்ன சொல்லித் தடுக்கிறது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

மேடத்தின் நிபந்தனை

அரக்கு ராஜலட்சுமி மேடத்தின் அப்பா வாங்கிய கார். அவர் பழைய மைசூர் சமஸ்தான காலத்திலிருந்தே அரசு வேலையில் இருந்தவர். தமிழ்க் குடும்பம், ஆனால் மல்லேஸ்வரத்தில் தலைமுறைகளாக இருப்பதால் வீட்டுக்குள் பாதிப் பேச்சு கன்னடம். அப்பா அந்தக் காரை மகள் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

மேடம் காரை எங்களிடம் இரவலாகக் கொடுத்த அன்று சொன்னது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"ஏம்மா எஞ்சினியர், நல்லா கேட்டுக்கோ. ஓடாத காரு எனக்கு ஃபர்னிச்சர். ஃபர்னிச்சர்னா என் தம்பி கேக்கிறான், குடுத்துடுவேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் வருவேன். நாலு சக்கரத்துக்கும் நாலு நிம்பெஹண்ணு வைங்க. நாலும் நசுங்கணும். தள்ளி நசுக்கக் கூடாது. காரோட சொந்த எஞ்சின்ல. ஆயித்தா?"

"ஆயித்து மேடம்" என்று கன்னடத்திலேயே சரி சொன்னேன்.

தம்பி பிரசாத் சார் வைட்ஃபீல்டில் காவல், நீச்சல் குளம் எல்லாம் உள்ள ஒரு அபார்ட்மென்ட்டின் சங்கத் தலைவர். அரக்கைக் கொண்டுபோய் அவர்களுடைய கிளப் ஹவுஸில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சும்மா வைக்க அல்ல. "எஞ்சினை எடுத்துட்டு அங்க காபி மெஷின் வச்சிடலாம். பானெட்டைத் தூக்கினா காபி. எப்படி ஐடியா?"

நஸீர் பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஹார்ட்ட எடுத்துட்டு அங்க ஒரு டீ ஃப்ளாஸ்க் வச்சா ஒத்துக்குவீங்களா?"

"பாய், இது டிசைன்."

"அதும் டிசைன்தான் சார்."

முதல் வருடம் நான்கு பழமும் சுலபமாக நசுங்கின. போன வருடம் எஞ்சின் முக்கிமுனகித்தான் கிளம்பியது. அன்று மேடம் காரைச் சுற்றி நடந்துவந்தபோது முன் மட்கார்டில் இருந்த ஒரு பழைய நசுங்கலைக் காட்டினார். "இது பிரசாத் ஓட்டக் கத்துக்கிட்ட அன்னிக்கு. வீட்டுக் கேட்டுல இடிச்சான். அப்பாதான் கத்துக்குடுத்தார்."

"நீங்களும் இதுலதான் கத்துக்கிட்டீங்களா மேடம்?"

"நான் பின்சீட்ல இருந்தேன்" என்றார். உடனே, "இந்த டயர் எந்த வருஷத்துது?" என்று கேட்டார். நான் டயரைப் பற்றிப் பதில் சொன்னேன்.

ஒரு வாரம், பதினோரு வரி

இந்த வருடம் எந்தத் தவறும் நடக்கக் கூடாது என்று பூஜைக்கு ஒரு வாரம் முன்பே பட்டியல் போட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். பேட்டரி. ஸ்பார்க் பிளக். கார்புரேட்டர் சுத்தம். ரேடியேட்டர் தண்ணீர். பிரேக். ஸ்டியரிங் கிரீஸ். தீயணைப்பு சிலிண்டர். பெட்ரோல். இப்படிப் பதினோரு வரி. கடைசி வரி, 'ஓட்டுபவர்: நஸீர் பாய்'.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. காட்சிக்கு வைத்த காரில் பெட்ரோல் இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஸ்டார்ட் செய்கிற அன்றைக்கு மட்டும் ஒரு தண்ணீர் பாட்டில் அளவு ஊற்றுவோம். பழம் நசுக்க அது தாராளம்.

பாய் தினமும் ஒன்றிரண்டு வரிகளை டிக் அடித்தார். எஞ்சின் முதல் மூன்று நாள் அசையவில்லை. "மூடு இல்ல மேடம், விடுங்க" என்றார் பாய். நான்காம் நாள் தும்மியது. ஐந்தாம் நாள், பாய் பானெட்டுக்குள் தலையை விட்டு அரை மணி நேரம் ஏதோ பேசிய பிறகு, ஓடியது. எல்லாரும் கைதட்டினோம். புகை நிறைய வந்ததால் உடனே நிறுத்திவிட்டோம்.

கவனியுங்கள். எஞ்சினைத்தான் ஓட்டிப் பார்த்தோம். காரை ஓட்டிப் பார்க்கவில்லை.

முதல் கியர்

இப்போது அந்தக் காலைக்குத் திரும்புவோம். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நஸீர் பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

பாய் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலிருந்த கியர்க் கம்பியை இழுத்துக் கீழே தள்ளினார். கிளட்சை மெதுவாக விட்டார். எஞ்சின் சத்தம் கனத்தது. ஸ்பீடோமீட்டர் முள் ஏறியது என்று பாய் பிறகு சத்தியம் செய்தார்.

செல்வி அக்கா கைதட்ட ஆரம்பித்து, இரண்டாவது தட்டலோடு நிறுத்திக்கொண்டார்.

கார் அங்கேயே நின்றது.

பாய் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். காரின் பின்பக்கத்திலிருந்து 'படக்' என்று ஒரு சத்தம். ஒரு மஞ்சள் பொருள் பறந்தது. பிரசாத் சார், "அம்மா" என்றார்.

மேடம் நாற்காலியை விட்டு எழவில்லை. "ஏம்மா எஞ்சினியர், காரு ஓடுதா நிக்குதா?"

"ஓடுது மேடம்."

"ஓடுதுன்னா ஏன் இங்கயே இருக்கு?"

"கியர் விழுந்துச்சு மேடம்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் பாய். "கசம் சே, சத்தியமா விழுந்துச்சு. வண்டி போய்ட்டுதான் இருக்கு. எங்கன்னுதான் தெரியல."

நான் தரையில் குப்புறப் படுத்து அடியில் பார்த்தேன்.

காரை ஓட்டாமல் ஒரே இடத்தில் நிறுத்தினால் டயர் தரையில் படுகிற இடம் நாளடைவில் தட்டையாகிவிடும். அதனால் எங்கள் கார்களை அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தரையைத் தொடாதபடி ஒரு விரல் உயரம் தூக்கி வைத்திருப்போம். ஸ்டியரிங்குக்குக் கிரீஸ் போடுவதற்காகப் பாய் முன்பக்கத்தை மட்டும் இறக்கியிருந்தார். பின்பக்கத்தை நான் ஆள் வைத்து இறக்கிவிட்டேன் என்று அவர் நினைத்தார். அவர் நான்கையும் இறக்கிவிட்டார் என்று நான் நினைத்தேன். மறைப்பதற்குச் செல்வி அக்கா கட்டிய சாமந்திச் சரம் இருந்தது, தரை வரைக்கும்.

பட்டியலில், 'காரைத் தரையில் வைக்கவும்' என்று ஒரு வரி இல்லை. கார் தரையில் இருக்க வேண்டும் என்று எழுதி வைக்க யாருக்குத் தோன்றும்?

சரத்தை விலக்கிப் பார்த்தேன். இரண்டு ஸ்டாண்டுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு பூ.

"அக்கா, ஸ்டாண்டு இருக்கிறத நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே பாப்பா. பொட்டு வச்சேனே." மற்றவர்கள் எதிரில் என்னை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார். "அதுவும் ஆயுதம்தானே. பழம்கூட நல்லா உள்ள போச்சு. வசதியா இருக்கேன்னு நெனச்சேன்."

ஒண்ணு ஆச்சு

பறந்தது இடது பின் சக்கரத்துப் பழம். சுற்றுகிற டயர் அதை அடியில் இழுத்து, நசுக்கி, பின்னால் துப்பியிருக்கிறது. நேராகப் பிரசாத் சாரின் மார்பில். பட்டு ஜிப்பாவில் கையகலத்துக்கு ஈரம். ஃபோன் லென்ஸில் ஒரு விதை ஒட்டியிருந்தது.

வலது பழம் மட்டும் வைத்தபடி இருந்தது. இரண்டு பின் சக்கரமும் காற்றில் இருந்தால், எதற்குச் சுற்றுவது சுலபமோ அதுதான் சுற்றும். மற்றது சும்மா இருக்கும். இந்தக் குணம் கார்களுக்கு மட்டும் உரியதல்ல என்று வைட்ஃபீல்டில் வேலை பார்த்தபோதே தெரிந்துகொண்டேன்.

"எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கு அக்கா" என்றார் பிரசாத் சார், ஜிப்பாவைத் துடைத்துக்கொண்டே. "கார் ஒரு இன்ச் நகரல. கண்டிஷன் ஃபெயில். அடுத்த வாரம் லாரி அனுப்பறேன்."

கொட்டகை முழுவதும் லோகநாதன் சார் மகனுடைய அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பது இப்போதே என் கண்ணில் தெரிந்தது.

மேடம் எழுந்து காரின் பின்பக்கம் நடந்தார். குனிந்து, கீழே கிடந்த பழத்தை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது நசுங்கியிருக்கே."

"கார் நகரலையே அக்கா."

"நகரணும்னு நான் எங்க சொன்னேன்? நசுங்கணும்னு சொன்னேன். காரோட எஞ்சின்ல நசுங்கணும். எஞ்சின்லதான நசுங்கிச்சு?"

"ஆமா மேடம்" என்றோம் நானும் பாயும் செல்வி அக்காவும்.

"அப்ப ஒண்ணு ஆச்சு" என்றார் மேடம். வேலையில் இருந்த காலம் முழுவதும் டெண்டர் வாசகங்களைப் படித்துப் படித்து ஒப்பந்தக்காரர்களைத் திணறடித்தவர் அவர். முதல் தடவையாக அந்தத் திறமை எங்கள் பக்கம் வேலை செய்தது. "இன்னும் மூணு. காரை இறக்குங்க."

சீட்டில் யார்?

இறக்குவதில் ஒரு சிக்கல். எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளம்பும் என்று பாய் சொல்லத் தயாராக இல்லை. "பரோஸா இல்ல மேடம், நம்ப முடியாது. அஞ்சு நாள் கெஞ்சினது." ஓடவிட்டால் பாட்டில் பெட்ரோல் தீர்ந்துகொண்டே வரும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் அணைந்துவிடும். ஜாக்கி போட்டுத் தூக்கப் பாய் வேண்டும். ஸ்டாண்டை இழுக்க இரண்டு பேர் வேண்டும். அதாவது சீட்டில் உட்கார வேறு ஒரு ஆள் வேண்டும்.

நான் கியரை நியூட்ரலில் போடச் சொல்லி, முன் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தேன்.

"அக்கா, நீங்க உக்காருங்க" என்றேன் செல்வி அக்காவிடம்.

"நான் சைக்கிளே ஓட்டினதில்ல பாப்பா."

"நான் உக்காரட்டுமா?" என்றார் பிரசாத் சார். அந்தக் குரலில் இருந்த ஆர்வம் எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாமல் கால் வழுக்கினால் போதும், கார் அவருக்கு.

மேடத்துக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். "நீ கேட்டுல இடிச்சவன். நீ கீழ படுத்து ஸ்டாண்டை இழு."

"அக்கா, இது பட்டு."

"அதான் ஏற்கெனவே கெட்டுப்போச்சே."

சங்கத் தலைவர், இரண்டாவது வார்த்தை பேசாமல் தரையில் படுத்தார். அக்கா சொன்னால் படுத்துவிடும் பழக்கம் எத்தனை வயதானாலும் போகாது போலிருக்கிறது.

மேடம் கைப்பையைச் செல்வி அக்காவிடம் கொடுத்தார். பாய் ஒரு காலால் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்தபடியே நகர்ந்து இடம் கொடுக்க, மேடம் புடவையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே ஏறினார். பாய் கையைக் காட்டி, "மேடம், இதுதான்…" என்று ஆரம்பித்தார்.

"எது ஆக்ஸிலரேட்டர்னு எனக்குத் தெரியும். நீ போ."

வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்கு மேல் அவருடைய கண்ணாடியும் நெற்றியும்தான் தெரிந்தன.

பாய் ஜாக்கியை அடித்தார். நான் ஒரு பக்கம், பிரசாத் சார் ஒரு பக்கம். ஸ்டாண்டு வெளியே வரும் நேரத்தில் என் ஃபோன் மறுபடி. கை தவறி எடுத்துவிட்டேன்.

"முடிஞ்சுதாம்மா?" என்றார் லோகநாதன் சார். அவர் ஹெப்பகோடி ஃபேக்டரி பூஜையில் இருந்தார், பின்னால் மணிச் சத்தம்.

"இறக்கிட்டிருக்கோம் சார்."

"எதை?"

"காரை."

"கார் எங்கம்மா ஏறுச்சு?"

வைத்துவிட்டேன்.

கார் மெல்லத் தரையில் உட்கார்ந்தது. செல்வி அக்கா வலது பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் மறுபடி சரியாக வைத்தார். பாய் கையைத் துடைத்துக்கொண்டு கார்க் கதவுக்கு வந்தார். "மேடம், எறங்குங்க. நான் ஓட்டறேன்."

மேடம் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"ஃபர்ஸ்ட் மேலயா கீழயா?" என்று கேட்டார்.

பாய் என்னைப் பார்த்தார். என் பட்டியலின் பதினோராவது வரி சுவரில் தெளிவாகத் தெரிந்தது. மேடம் வீட்டில் ஓட்டுவது கியரே இல்லாத சின்னக் கார் என்பதும் எனக்குத் தெரியும். தடுத்திருக்க வேண்டும். நான் குனிந்து செங்கல்லை எடுத்தேன்.

"உங்க பக்கம் இழுத்துக் கீழ, மேடம்" என்றார் பாய்.

"ஆமா. அப்பா அப்படித்தான் பண்ணுவார்."

"அக்கா, உனக்கு இதெல்லாம் பழக்கமில்ல" என்றபடி பிரசாத் சார் தரையிலிருந்து எழுந்தார்.

"பின்சீட்ல உக்காந்து பதினஞ்சு வருஷம் பாத்திருக்கேன். பிரசாத், விலகி நில்லு."

கேட் வரைக்கும்

கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. முன்னால் இரண்டு 'பச்சக்'. ஒரு நொடி கழித்துப் பின்னால் ஒன்று. நான்கு.

செல்வி அக்கா இந்தத் தடவை முழுதாகக் கைதட்டினார்.

ஆனால் கார் நிற்கவில்லை. அவிழ்த்துப் போட்டிருந்த கயிற்றைத் தாண்டி, திறந்திருந்த ஷட்டர் வழியாக வெயிலுக்குள் போனது. கொட்டகையில் எப்போதும் கறுப்பாகத் தெரிந்த கார், வெளிச்சத்தில் புதுப் புடவை மாதிரி சிவந்தது. முற்றத்தில் நேர் எதிரே, மாலை போட்டு, பிரசாத் சாரின் புதிய வெள்ளைக் கார் நின்றது.

"பிரேக்க ரெண்டு வாட்டி அமுக்கணும் மேடம்" என்று கத்திக்கொண்டே பாய் ஜன்னலோடு ஓடினார். "ரெண்டு வாட்டி. ஒரு வாட்டி அமுக்கினா அதுக்குக் கேக்காது."

பிரசாத் சார் தன் காருக்கு முன்னால் போய் நிற்பதா வேண்டாமா என்று இரண்டடி போய், இரண்டடி திரும்பினார்.

எஞ்சின் இருமியது. இன்னொரு இருமல். பிறகு அமைதி. அரக்கு தானாகக் கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. இரண்டு பம்பருக்கும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம்.

"பிரேக் புடிச்சீங்களா மேடம்?" பாய்க்கு மூச்சு வாங்கியது.

"புடிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பெட்ரோல் தீர்ந்துடுச்சு."

அவர் உடனே இறங்கவில்லை. ஹாரனை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அது எருமைக் கன்று மாதிரிக் கத்தியது. இன்னொரு முறை அழுத்தினார்.

"என் காரை இடிச்சிருப்ப அக்கா" என்றார் பிரசாத் சார். எலுமிச்சை வாசனை என் வரைக்கும் அடித்தது.

"இடிக்கலையே" என்றார் மேடம். இறங்கி, புடவையைச் சரிசெய்து, போகிற போக்கில் முன் மட்கார்டின் பழைய நசுங்கலை ஒரு விரலால் தட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏம்மா எஞ்சினியர். அடுத்த வருஷம் பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்துங்க. கேட் வரைக்குமாவது போக வேணாமா?"

கார் இங்கேயே இருக்கும் என்று எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பாய்க்கு ஆகவில்லை. அவர் ஏற்கெனவே பானெட்டை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தார். செல்வி அக்கா பிரசாத் சாருக்குச் சுண்டலும், துடைத்துக்கொள்ள ஒரு பழைய துணியும் கொடுத்தார். ஃபோன் அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்து, "முடிஞ்சுது சார், நாலும்" என்றேன்.

சாயங்காலம் சுவரிலிருந்து பட்டியலை எடுத்து, அடுத்த வருடத்துக்காகத் திருத்தினேன்.

முதல் வரியாக, 'காரைத் தரையில் இறக்கவும், நான்கு சக்கரங்களையும்' என்று சேர்த்தேன். பெட்ரோலுக்கு எதிரே, 'கேட் வரை'. பிரேக்குக்கு எதிரே, 'ஒரே அழுத்தில் பிடிக்க வேண்டும்'. புதிய வரி, 'பிரசாத் சாரின் காரை ரோட்டில் நிறுத்தச் சொல்லவும்'.

கடைசியில் 'ஓட்டுபவர்' என்ற இடத்தில் பாயின் பெயரை அடித்துவிட்டு, 'ராஜலட்சுமி மேடம்' என்று எழுதினேன். பாய் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று திரும்பினேன்.

"அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுதுங்க மேடம்" என்றார். "சீட்டுக்கு ஒரு குஷன். நல்ல உயரமா."